48 வோல்ட் ஆக்ஸியல் மோட்டார் 72 சதவீதத்திலேயே நிற்கிறது: இழப்பு எங்கே?

சுருள்மணி:

இது தட்டு வடிவ (ஆக்ஸியல்) மோட்டார்: இரட்டை ரோட்டர் (சுழலும் காந்தத் தட்டு), நடுவில் இரும்பில்லா ஸ்டேட்டர் (சுழலாத காயில் பகுதி). 160 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. கனமும் உள்ள மைல்ட் ஸ்டீல் தட்டு இரண்டு. ஒவ்வொரு தட்டிலும் 30×15×10 மி.மீ. அளவில் என்42 நியோடிமியம் காந்தம் 16. காந்த முகங்களுக்கு இடையே 14 மி.மீ. ஸ்டேட்டர் 11 மி.மீ. எபாக்ஸி வார்ப்பு. 12 காயில், ஒவ்வொன்றும் 18 கேஜ் (1.22 மி.மீ.) கம்பியில் 35 சுற்று. மூன்று பேஸ், பேஸுக்கு 4 காயில் சீரியஸில், ஸ்டார் இணைப்பு (மூன்றின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்தது). செம்பு மொத்தம் அரை கிலோ. காந்தத்தின் நிலையை உணரும் ஹால் சென்சார் 3, சாதாரண சதுர அலை கன்ட்ரோலர்.

அளந்தவை: இரண்டு பேஸ் முனைகளுக்கு இடையே 0.48 ஓம். சுமையில்லாமல் 48 வோல்ட்டில் 0.9 ஆம்பியர், 1400 ஆர்பிஎம். சுமையோடு 6.25 ஆம்பியர், அதாவது 300 வாட், 1325 ஆர்பிஎம். கயிறு பிரேக்கில் (புல்லியில் கயிற்றைச் சுற்றி இரு பக்க இழுவையையும் அளப்பது) 100 மி.மீ. புல்லி, 8 மி.மீ. பருத்திக் கயிறு. இறுக்கமான பக்கம் 4.10 கிலோ, தளர்ந்த பக்கம் 0.93 கிலோ. கணக்குப் போட்டால் வெளியே வருவது 216 வாட். எஃபிஷியன்சி 72 சதவீதம்.

காயில் ரெசிஸ்டன்ஸில் போவது 19 வாட்தான். ஸ்டேட்டரில் இரும்பு இல்லாததால் இரும்பு இழப்பும் கிடையாது. மிச்சம் 65 வாட் எங்கே போகிறது? காந்தத்தை இன்னும் வலுவான என்52க்கு மாற்றினால் தேறுமா?

டெஸ்லாமீட்டர்:

விவரத்தை முழுசாகக் கொடுத்ததால் பதில் சொல்வது எளிது. இழப்பில் ஒரு பங்கு மோட்டாரிலேயே இல்லை, அளந்த முறையில் இருக்கிறது. கயிறு பிரேக்கில் ஆரம் எடுக்கும்போது புல்லியின் 50 மி.மீ. மட்டும் போதாது, கயிற்றின் பாதிக் கனத்தையும் சேர்க்க வேண்டும். 8 மி.மீ. கயிறு என்றால் ஆரம் 54 மி.மீ. நிகர விசை 3.17 கிலோ, அதாவது 31.1 நியூட்டன். டார்க் 1.68 நியூட்டன் மீட்டர். 1325 ஆர்பிஎம்மில் 233 வாட். ஆகவே நீங்கள் ஏற்கெனவே 78 சதவீதத்தில் இருக்கிறீர்கள். கயிற்றுக்குப் பதிலாக 1 மி.மீ. நைலான் பட்டை போட்டால் இந்தப் பிழை அரை மி.மீ.க்குச் சுருங்கிவிடும்.

இனி உண்மையான இழப்பு. சுமையில்லாமலே 43 வாட் குடிக்கிறது. அதில் ரெசிஸ்டன்ஸின் பங்கு அரை வாட்கூட இல்லை. பெரும்பகுதி உங்கள் 18 கேஜ் கம்பிக்குள் சுழல் மின்னோட்டமாக, அதாவது மாறும் காந்தப்புலம் கம்பியின் கனத்துக்குள்ளேயே சுற்ற வைக்கும் கரண்ட்டாகப் போகிறது. இரும்பு இல்லாத ஸ்டேட்டரில் காந்தப்புலம் முழுக்கச் செம்பின் ஊடாகவே பாய்கிறது. இரும்புப் பற்கள் உள்ள மோட்டாரில் புலம் பல்லுக்குள் போய்விடும், கம்பி ஓரளவு தப்பிக்கும். இங்கே தப்பிக்க வழியில்லை.

கணக்கு இது. ஒரு கன மீட்டர் செம்புக்கு இழப்பு = (கோண அதிர்வெண் × புலத்தின் உச்சம் × கம்பி விட்டம்) இவற்றின் வர்க்கம் ÷ (32 × செம்பின் மின்தடை எண்). 16 துருவம் என்றால் 8 ஜோடி, 1400 ஆர்பிஎம்மில் 187 ஹெர்ட்ஸ். உங்கள் 14 மி.மீ. கேப்பில் கசிவு போக நடுவில் 0.5 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 1.22 மி.மீ. அரை கிலோ செம்பில் பாதிக்குச் சற்று மேல்தான் காந்தத்துக்கு நேரே நிற்கும் கால்கள், சுமார் 29 கன செ.மீ. விடை 27 வாட்.

விட்டத்தின் வர்க்கம் என்பதுதான் இதில் கைகொடுக்கும் விஷயம். அதே செம்பை 30 கேஜில், அதாவது 0.315 மி.மீ. இழைகளாகப் பிரித்தால் 27 வாட் 2 வாட்டுக்குக் கீழே இறங்கும்.

என்52 வேண்டாம். புலம் ஏறினால் அதே 48 வோல்ட்டுக்கு வேகம் இறங்கும். புலமும் வேகமும் பெருக்கலாக வருவதால் சுழல் இழப்பு அப்படியே நிற்கும். வேகத்தைப் பழையபடி ஏற்றச் சுற்றைக் குறைத்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும், ஆனால் சுழல் இழப்பு புலத்தின் வர்க்கமாக ஏறும். இப்போதைய நிலையில் அது நட்டம்.

எதையும் பிரிப்பதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள். பேஸ் முனைகள் மூன்றையும் திறந்து விட்டு, வேறொரு சிறிய டிசி மோட்டாரால் பெல்ட் போட்டு 1400இல் ஓட்டுங்கள். அந்த மோட்டார் இழுக்கும் வாட்டைக் குறியுங்கள். பிறகு ஸ்டேட்டரை எடுத்துவிட்டு அதே வேகத்தில் மறுபடி. ஓட்டும் மோட்டாரின் சொந்தக் காயில் இழப்பைக் கழித்த பின் வரும் வித்தியாசம்தான் கம்பிக்குள் போகும் சுழல் இழப்பு.

ஸ்டேட்டரை எடுக்கும்போது கவனம் தேவை. 0.5 டெஸ்லாவில் இரண்டு தட்டுகளும் 700 நியூட்டனுக்கு மேல் இழுத்துக்கொள்ளும், 70 கிலோ எடைக்குச் சமம். இடைவெளி குறையக் குறைய அது இன்னும் ஏறும். தட்டில் மூன்று இடத்தில் எம்8 மரை போட்டு, நீள போல்ட்டுகளை மாற்றி மாற்றி அரைச் சுற்றாகத் திருப்பித்தான் தூக்கவும் இறக்கவும் வேண்டும். கையால் பிடித்து இறக்கவே கூடாது.

கோவை வைண்டர்:

டெஸ்லாமீட்டர் சார் சொன்ன காரணம் சரிங்க. ஆனா 30 கேஜ் வரைக்கும் போகணுமான்னு யோசிக்கணும். 18 கேஜுக்குச் சமமா 15 இழை வேணும். இழைக்கு இழை எனாமலும் காத்தும் இடம் பிடிக்கும், முறுக்கினா இன்னும் பிடிக்கும். அதே காயில் இடத்துல 12 இழைதான் உள்ள போகும். ரெசிஸ்டன்ஸ் 0.48லிருந்து 0.6 ஓம் ஆயிடும்.

நடுவழி ஒண்ணு இருக்குங்க: 24 கேஜ், 0.56 மி.மீ., 4 இழை. ரெசிஸ்டன்ஸ் 0.57 ஓம், சுழல் இழப்பு 5 வாட். 300 வாட் உள்ள போற இடத்துல ரெண்டையும் வெச்சுப் பாருங்க. சுமையில்லாமலே போற மிச்ச 16 வாட்டையும் சேர்த்தா, 30 கேஜ்ல மொத்த இழப்பு 40 வாட், 24 கேஜ்ல 43 வாட். ஒரு சதவீத வித்தியாசத்துக்கு 12 இழை முறுக்கற பாடு எதுக்குங்க? 1400 ஆர்பிஎம்ல ஓட்டறவங்களுக்கு 24 கேஜ் போதும். 3000 ஆர்பிஎம் போறதா இருந்தா பேச்சு வேற, அங்க சுழல் இழப்பு நாலு மடங்குக்கு மேல ஏறிடும், அப்ப 30 கேஜ்தான்.

இழைகளைச் சும்மா பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சுத்தாதீங்க. உள்பக்க இழைக்கும் வெளிப்பக்க இழைக்கும் ஒரே வோல்ட்டேஜ் வராது, முனையில சேர்த்து பத்த வெச்சதும் இழைகளுக்குள்ளயே கரண்ட் சுத்தும். மெல்லிசுக் கம்பி போட்டும் இழப்பு குறையலைன்னு சொல்றவங்களுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு முனையைக் கொக்கியில மாட்டி, மறுமுனையை டிரில் சக்குல புடிச்சு, 25 மி.மீ.க்கு ஒரு முறுக்கு வர்ற மாதிரி மெதுவாச் சுத்துங்க. அதுக்கு மேல இறுக்கினா எனாமல் வெடிக்கும், நீளமும் வீணாகும்.

முனை பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இழையும் மத்ததோட ஷார்ட் ஆகாம இருக்கான்னு மீட்டர்ல பாருங்க. அப்புறம் எல்லா இழையோட எனாமலும் முழுசாப் போயிருக்கணும். பாலியூரித்தேன் எனாமல் ஈயச் சூட்டுலயே கரையும். பாலியஸ்டர் வகைன்னா மணல் தாள்ல தேய்ச்சே ஆகணும். நாலுல ஒரு இழை பிடிக்காம விட்டாலும் அந்தக் காயில் ரெசிஸ்டன்ஸ் மூணுல ஒரு பங்கு ஏறிடும். சாதா மல்டிமீட்டர்ல அது தெரியாது. 1 ஆம்பியர் ஓட விட்டு மில்லிவோல்ட்ல அளந்து, 12 காயிலையும் ஒப்பிட்டுப் பாருங்க.

சுருள்மணி:

சொன்னபடி சோதித்தேன். ஸ்டேட்டரோடு 37 வாட், ஸ்டேட்டர் இல்லாமல் 11 வாட். வித்தியாசம் 26, கணக்கோடு ஒத்துப்போகிறது. 24 கேஜ் 4 இழை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த 11 வாட்டைக் குறைக்க முடியுமா? கயிற்றைத் திருத்திய பிறகு இழப்பு 67 வாட்; கணக்கில் காயிலுக்கு 19, சுமையில்லா இழப்பு 1325 ஆர்பிஎம்முக்கு இறங்கியதில் சுமார் 40. இடையே 8 வாட் இடிக்கிறதே, அது என்ன?

டெஸ்லாமீட்டர்:

11 வாட்டில் பேரிங் முக்கியம். 6205 2ஆர்எஸ் போன்ற ரப்பர் சீல் வகையில் சீலின் உரசலே சில வாட் எடுக்கும். உலோக மூடியுள்ள இசட்இசட் வகைக்கு மாற்றி, மெல்லிய கிரீஸ் போடுங்கள். மிச்சம் காற்று. காந்தங்களுக்கு இடையேயான பள்ளத்தை ரெசினால் நிரப்பி முகத்தைச் சமமாக்கினால் அது குறையும், ஆனால் ஸ்டேட்டர் குளிர்வதும் குறையும். நான் நிரப்ப மாட்டேன்.

8 வாட்டில் சுமார் 3 வாட் வெப்பத்தால் வருவது. செம்பு 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ரெசிஸ்டன்ஸ் 16 சதவீதம் ஏறும். மீதிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஹால் சென்சாரின் இடம். 8 ஜோடித் துருவத்தில் 1 டிகிரி இயந்திரக் கோணம் 8 டிகிரி மின்கோணம். காந்தத்தின் நடு ஆரம் 59 மி.மீ. என்றால், சென்சார் 1 மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலே கிட்டத்தட்ட 8 டிகிரி பிசகும். சென்சார்களுக்கு இடையே 15 டிகிரி இயந்திரக் கோணம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹால் போர்டை வார்ப்புக்குள் புதைக்காமல், வளைந்த துளை வைத்த தகட்டில் பூட்டுங்கள். சுமையில்லாமல் இரண்டு திசையிலும் ஓட்டி, வேகமும் ஆம்பியரும் இரண்டிலும் சமமாக வரும் இடத்தில் இறுக்குங்கள்.

பகலவன்:

விடியோக்களில் பல்ஸ் மோட்டார் (காயிலுக்கு விட்டு விட்டுக் கரண்ட் கொடுப்பது) காட்டுகிறார்கள். காயிலை அணைக்கும்போது வரும் ஸ்பைக்கை (திடீரென எழும் வோல்ட்டேஜை) இரண்டாவது பேட்டரியில் பிடித்து 100 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். இந்த டிசைனில் அதைச் சேர்த்தால் பலன் உண்டா?

டெஸ்லாமீட்டர்:

அந்த ஸ்பைக் காயிலில் ஏற்கெனவே நீங்கள் சேர்த்து வைத்த ஆற்றல்தான். மூன்று பேஸ் கன்ட்ரோலரில் மாஸ்ஃபெட்டின் (கரண்ட்டைத் திறந்து மூடும் பாகம்) டயோடு வழியே அது ஒவ்வொரு சுழற்சியிலும் கெப்பாசிட்டருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. புதிதாகப் பிடிக்க எதுவும் இல்லை.

100க்கு மேல் வருவது அளக்கும் முறையால். பல்ஸாகப் போகும் கரண்ட்டைச் சாதா மீட்டரால் அளந்து, தனியாக அளந்த வோல்ட்டேஜால் பெருக்கினால் வாட் சரியாக வராது. பேட்டரிப் பக்கம் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சீரியஸில் ஒரு சோக்கும் (கரண்ட்டைச் சீராக்கும் காயில்) போட்டு, கரண்ட் சீரான இடத்தில் அளக்க வேண்டும். இன்னொன்று, லெட் ஆசிட் பேட்டரியின் முனை வோல்ட்டேஜ் ஏறியதாலேயே அதில் ஆற்றல் சேர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. சந்தேகம் தீர, இரண்டு பேட்டரியையும் எடுத்துவிட்டு அளவு தெரிந்த கெப்பாசிட்டர்களை வையுங்கள். கெப்பாசிட்டன்ஸ் × வோல்ட்டேஜின் வர்க்கம் ÷ 2. எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்பது அப்படியே தெரியும்.

இரும்பில்லா ஆக்ஸியல் மோட்டார் எந்த உயரம் தொடும் என்பதற்கு உண்மையான சான்று வேறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1990களில் சோலார் பந்தயக் கார்களுக்காக உருவாக்கிய சக்கர மோட்டார் சுமார் 98 சதவீதம். ஹால்பாக் வரிசையில் (ஒரு பக்கம் புலம் கூடும்படி திசை மாற்றி அடுக்கியது) காந்தம், லிட்ஸ் கம்பியில் (தனித்தனியே எனாமல் பூசி முறுக்கிய மெல்லிய இழைகள்) காயில், ஸ்டேட்டரில் இரும்பு இல்லை. இங்கே நாம் பேசும் அதே இழப்புகளை ஒவ்வொன்றாக இறக்கித்தான் அவர்கள் அங்கே போனார்கள்.

கோவை வைண்டர்:

சுருள்மணி, வார்ப்புக்கு முன்னாடி ஒண்ணு. ரெசின் எடைக்குப் பாதி டால்கம் பவுடர் கலங்க. சூடு வெளிய வர்றது கூடும், கெட்டியாகறப்ப வெடிப்பும் வராது. ரெண்டு முகத்துலயும் ஒரு அடுக்கு கண்ணாடி இழைத் துணி போடுங்க. முறுக்கின இழைக்குள்ள காத்து நிறைய நிக்கும், அதனால ஊத்தினதும் அச்சைக் கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டே இருங்க, குமிழ் வர்றது நின்னாத்தான் மூடணும். ஸ்டேட்டரைப் பூட்டற போல்ட்டும் வாஷரும் காந்தத்தோட வெளி ஓரத்துலிருந்து 15 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். அலுமினிய வளையம் எதையும் பக்கத்துல விடாதீங்க. கம்பியில மிச்சப்படுத்தின வாட்டை அது குடிச்சுடும்.