புதுப்பிப்பு: உயில் நிறைவேற்றுநர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் போதுமா?

சென்னையில் காலமான என் பெரியப்பாவின் உயிலில் நான் ஒருவனே நிறைவேற்றுநர் என்பதையும், சிங்கப்பூரில் வசிப்பதால் அப்பொறுப்பைப் பவர் பத்திரம் மூலம் தங்கையிடம் ஒப்படைக்க இயலுமா என்று இங்கு கேட்டிருந்ததையும் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். வழக்கறிஞரிடம் ஆலோசித்தபின் நிலைமை தெளிவாகியுள்ளது.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 222ஆவது பிரிவு, உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டுமே புரோபேட் (உயில் செல்லுபடியாகும் என நீதிமன்றம் அளிக்கும் சான்று) வழங்க இடமளிக்கிறது. ஆகவே என் பவர் பத்திரத்தைக் காட்டித் தங்கை தன் பெயரில் புரோபேட் பெற முடியாது. எனினும், நிறைவேற்றுநர் மாநிலத்துக்கு வெளியே இருந்து, பொறுப்பேற்க முன்வரும் வேறொரு நிறைவேற்றுநர் மாநிலத்துக்குள் இல்லாதபோது, அவருடைய முகவருக்கு (என் விஷயத்தில், பவர் பத்திரம் பெறும் தங்கைக்கு), உயிலின் நகலை இணைத்து, சொத்தை நிர்வகிக்க அதிகாரமளிக்கும் நிர்வாக உரிமை ஆவணத்தை நீதிமன்றம் வழங்கலாம் என்கிறது 241ஆவது பிரிவு. நிறைவேற்றுநர் தாமே புரோபேட் பெறும் வரைதான் அந்த ஆவணம் செல்லும், முகவர் அவர் சார்பில் செயல்படுபவரே தவிர, அவருடைய இடத்துக்கு வந்துவிடுபவர் அல்லர்.

பவர் பத்திரத்தில் சிங்கப்பூரிலுள்ள இந்திய உயர் ஆணையத்தின் சான்றொப்பம் பெற்று அனுப்பவிருக்கிறேன். அது இந்தியாவில் கிடைத்த 3 மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும். வீட்டை விற்கும் நிலை வந்தால், அதற்கு நானே நேரில் செல்வது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.