மலைப் பள்ளிக்கு நிதி கேட்டு புரபோசல்: கல்வி அலுவலகத்தில் உதவி கிடைக்குமா?

ஏற்காட்டுத் தலைமை ஆசிரியை:
வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இல்லை. பெண் பிள்ளைகள் சாயங்காலம் வீடு போகும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சேலத்தில் ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தரலாம் என்கிறது, புரபோசல் கேட்கிறார்கள். எழுதிப் பழக்கமில்லை. ஸ்மார்ட் போர்டும் சேர்த்துக் கேட்கலாமா?

சேலம் டவுன்:
‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ தளத்தில் தேவையைப் பதிந்துவிடுங்கள் மேடம். அரசுப் பள்ளிகளுக்கு நிதி திரட்ட 2022 டிசம்பரில் வந்த அரசுத் திட்டம், கம்பெனிகளும் அதில் பார்க்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர்:
பதியுங்கள் டீச்சர், ஆனால் அது மட்டும் போதாது. அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்து எழுதித் தர மாட்டார்கள். எழுதிக்கொண்டு போனால் திருத்தித் தருவார்கள். வட்டார வள மையத்தில் காட்டிவிட்டு, வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகத் தொடக்கக் கல்வி டிஇஓவுக்கு (மாவட்டக் கல்வி அலுவலர்) அனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், பள்ளியின் அடையாள எண்ணான 11 இலக்க யுடைஸ் எண் இரண்டும் கூடவே இருக்கட்டும்.

நான் பார்த்த புரபோசல்களில் பாதிக்கு முதல் பக்கம் முழுக்கக் கல்வியின் மகிமைதான். படிக்கிறவர் கணக்குப் பார்க்கிற ஆள், அவருக்கு எதற்கு அது? பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுதினீர்களே, அதையே முதல் வரியாக வையுங்கள். ஸ்மார்ட் போர்டை இப்போது விடுங்கள்.

எஸ்டிமேட்டை ஒன்றியப் பொறியாளரிடம் வாங்குங்கள், கட்டடம் அவர்கள் பொறுப்பு. சேலம் ரேட்டில் போட்டுவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற மணலுக்கு லாரி வாடகை தனி, ரோட்டிலிருந்து பள்ளிக்குத் தலைச்சுமைக் கூலி தனி.

2013 கம்பெனிச் சட்டப்படி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைக் கம்பெனி சிஎஸ்ஆருக்குச் செலவழிக்க வேண்டும். கணக்கு மார்ச்சோடு முடிகிறது. பிப்ரவரியில் போய் நிற்காதீர்கள். மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது என்று கட்டாயம் கேட்பார்கள், ஊராட்சியிடம் கடிதம் வாங்கி வையுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்?

ஏற்காட்டுத் தலைமை ஆசிரியை:
ரொம்ப நன்றிங்க சார். மேலே காப்பித் தோட்டத்தில் ஊற்று இருக்கிறது. தோட்டக்காரர் வாய்வார்த்தையாக சரி சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர்:
வாய்வார்த்தை ஆகாதுங்க. குழாய் அவர் நிலத்தில்தானே வரும்? சம்மதக் கடிதம் எழுதி வாங்குங்கள், சர்வே எண்ணோடு. மேலாளர் கையெழுத்து வேண்டாம், பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் போடட்டும். அது கைக்கு வந்தபிறகு எஸ்டிமேட்டுக்குப் போங்கள்.