லண்டன் ரயில்: இரண்டு முறையும் ஒழுங்காகத் தொட்டும் பணம் அதிகமாகப் போகிறது, உதவுங்கள்

நாகைத்தென்றல்: அவசரம். தினமும் காலை வகுப்புக்கு ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறி சைப்ரஸ் போகிறேன். ஏறும்போதும் ஸ்டேஷனில் உள்ள கட்டணக் கருவியில் தொடுகிறேன், இறங்கும்போதும் தொடுகிறேன், பீப் சத்தமும் வருகிறது. ஆனாலும் இந்த வாரம் மூன்று நாள் வழக்கத்தைவிடப் பல மடங்கு பணம் போயிருக்கிறது. மாதக் கடைசி வேறு. என்ன செய்ய?

மலைக்கோட்டை: தினமும் சைப்ரஸா? அது வேறு நாடு அல்லவா?

ஹாரோ அண்ணா: பெக்டன் பக்கம் டிஎல்ஆர் என்ற லைட் ரயில் லைனில் சைப்ரஸ் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. தம்பி, தொடுவது ஒய்ஸ்டர் என்கிற பயணக் கார்டா, பேங்க் கார்டா? எங்கே மாறுகிறீர்கள்?

நாகைத்தென்றல்: பேங்க் கார்டு. வெஸ்ட் ஹாம், கேனிங் டவுன் இரண்டிலும் மாறுவேன்.

மலைக்கோட்டை: இந்திய கார்டா? அப்படியானால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம்தான். நான் வந்த புதிதில் அப்படித்தான் போனது.

பழையவாசி: அது பல மடங்கெல்லாம் வராது. கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம். டிஎல்ஆரில் பெரும்பாலான ஸ்டேஷன்களில் கேட் கிடையாது, தொடாமலே வெளியே வந்திருப்பீர்கள். எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாவிட்டால் அதிகபட்சக் கட்டணம் விழும். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தப்பு இது. பேசாமல் ஒய்ஸ்டர் வாங்குங்கள்.

மலைக்கோட்டை: தொட்டேன் என்றுதானே சொல்கிறார்! ஒய்ஸ்டர் எதற்கு? பேங்க் கார்டிலேயே, ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் பிடிக்காத தினசரி வரம்பு, அதேபோல திங்கள் முதல் ஞாயிறு வரை வார வரம்பு எல்லாம் தானாகக் கிடைக்கிறதே.

பழையவாசி: ஒய்ஸ்டரிலும் வார வரம்பு வந்து வருடக்கணக்காகிறது. தவிர, 16-25 ரயில்கார்டு என்ற சலுகை அட்டையை ஒய்ஸ்டரோடு இணைத்தால் ஆஃப்-பீக், அதாவது கூட்டம் குறைந்த நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பேங்க் கார்டில் அதை இணைக்கவே முடியாது.

மலைக்கோட்டை: காலை வகுப்புக்குப் போகிறவருக்கு ஆஃப்-பீக் எதற்கு?

ஹாரோ அண்ணா: அதைப் பிறகு பேசுங்கோ. தம்பி, அந்த மூன்று நாளும் ஒரு தொகையாகப் போனதா, இரண்டாகவா? போனையும் வைத்துத் தொடுகிறீர்களா?

நாகைத்தென்றல்: இரண்டு இரண்டாக. போன்தான் தொடுவேன், சில நாள் கார்டு. இரண்டும் ஒரே அக்கவுண்ட்தானே?

ஹாரோ அண்ணா: அதுதான் சிக்கல். அக்கவுண்ட் ஒன்றாக இருந்தாலும், போன் தனி, கார்டு தனி. போனில் ஏறிக் கார்டில் இறங்கினால் போனில் முடியாத பயணம் ஒன்று, கார்டில் தொடங்காத பயணம் ஒன்று. இரண்டுக்கும் அதிகபட்சம் பிடிக்கும். வரம்பும் சேராது. ஆன்லைன் கணக்கில் கார்டைப் பதிந்து, முடியாத பயணங்களைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கோ. தள்ளிப்போட வேண்டாம்.

நாகைத்தென்றல்: அதேதான் அண்ணா. அந்த மூன்று நாளும் வழியிலேயே போனில் சார்ஜ் தீர்ந்து, சைப்ரஸில் கார்டைத் தொட்டிருக்கிறேன். இரண்டு நாள் பணம் திரும்பி வருகிறது. ஒரு நாளுக்கு இன்னும் பதில் இல்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, நன்றி.

மலைக்கோட்டை: அண்ணா, வாட்ச்சில் தொட்டாலும் இதே கதையா?