டிராக்டருக்கு வெயிட் ஏற்ற வீட்டிலேயே செய்தவை, உங்கள் அனுபவம் என்ன?

கரும்புக்காரன், நெல்லிக்குப்பம்:
கரும்பு லோடோடு மேடு ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்கும், முன்சக்கரம் தரையில் பாவாது, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி தன்போக்கில் போகும். எங்கள் பக்கம் இதற்கு வைத்தியம், பம்பரில் இரண்டு பேரை உட்கார வைப்பது. தவறி விழுந்தால் சக்கரம் ஆள் மேலேதான் ஏறும். அதைப் பார்க்கவே பிடிக்காமல்தான் பட்டறையில் தகட்டுப் பெட்டி ஒன்று அடித்து, உள்ளே பழைய கலப்பைக் கொழு, தேய்ந்த டிஸ்க், நட்டு போல்ட் எல்லாம் போட்டு மேலே கான்கிரீட் ஊற்றினேன். ஒரு கன அடி கான்கிரீட் கிட்டத்தட்ட 68 கிலோ வரும், இரும்பும் சேர்ந்தால் இன்னும் கூடும், அதை வைத்துப் பெட்டியின் அளவை முடிவு செய்துகொள்ளலாம். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை மறைக்காத உயரத்தில் பெட்டி இருக்க வேண்டும். பம்பர் தகட்டில் மாட்டாமல், வண்டியின் முன் வார்ப்பில் இருக்கிற துளைகளில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். சிலர் மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுகிறார்கள், ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், மூட்டை ரோட்டில் கிடக்கும்.

முள்ளுக்காடு, முதுகுளத்தூர்:
அண்ணே, முன்னுக்குப் பெட்டி சரி. உழவில் பின்சக்கரம் வழுக்கினால் டியூபில் தண்ணீர் ஏற்றுவதுதான் மலிவு. ஜாக்கி போட்டு, வால்வ் மேலே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி, வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு ஓஸை மாட்ட வேண்டும். நடுநடுவே ஓஸை எடுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாவிட்டால் தண்ணீர் ஏறவே ஏறாது. வால்வ் மட்டத்துக்கு வந்தால் முக்கால் பாகம் நிரம்பிவிட்டது என்று கணக்கு, மீதிக்குக் காற்று. முழுக்க நிரப்பினால் டயர் அமுங்கிக் கொடுக்காது, குலுக்கல் தாங்க முடியாது. வெளிநாட்டில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள், இந்த வெயிலில் நமக்கு எதற்கு? ஒரே தொல்லை சீமைக்கருவேல முள். பஞ்சர் ஆனால் தண்ணீரை இறக்கித்தான் டியூபை எடுக்க முடியும், தண்ணீர் ஏற்றிய டயர் என்றாலே பஞ்சர் கடைக்காரர் முகம் மாறிவிடும்.

சேடை ஓட்டுறவன், மன்னார்குடி:
இதெல்லாம் மேட்டு நிலத்துக்கும் ரோட்டுக்கும். எங்கள் களிமண்ணில் சேடை ஓட்டும்போது, அதாவது நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேறாக்கும்போது, வெயிட் ஏற்றினால் வண்டி புதையும், அப்புறம் இழுக்க இன்னொரு டிராக்டர் தேடணும். நாங்கள் சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரத்தை (கேஜ் வீல்) மாட்டிக்கொண்டு முன் வெயிட்டைக் கழற்றி வைத்துவிடுவோம். அதனால் பெட்டி செய்கிறவர்கள் தயவுசெய்து வெல்டிங் வைத்து ஒட்டிவிடாதீர்கள்.

புதுசு, உடுமலை:
ஐயா, முன்னால் லோடர் (அள்ளும் பக்கெட்) மாட்டி எரு அள்ளுகிறேன், பின்சக்கரம் தூக்குகிறது. எங்கே வெயிட் போடுவது?

கரும்புக்காரன், நெல்லிக்குப்பம்:
தம்பி, உங்களுக்குப் பின்னால்தான். 200 லிட்டர் பேரலைப் பாதியாக வெட்டி, வண்டியின் பின்னால் கலப்பை மாட்டும் கீழ்க் கைகளில் (கீழ் லிங்க்) மாட்டுகிற கம்பியைக் குறுக்கே விட்டு, மேல் கைக்கும் (டாப் லிங்க்) ஒரு பிடி வைத்துக் கான்கிரீட் ஊற்றுங்கள், 240 கிலோ தாராளமாக வரும். ஓட்டும்போது அதையும் பக்கெட்டையும் தாழவே வையுங்கள், மேலே தூக்கினால் சரிவில் வண்டி சாயும்.
உழவுக்கு வெயிட் போதுமா என்று பார்க்க நான் செய்வது இது: பின் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, கலப்பையை இறக்கி உழும்போது பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்வேன். அதே தூரத்தைக் கலப்பையைத் தூக்கிவிட்டு ஓட்டினால் சக்கரம் வழுக்குவது குறைந்து சுற்றும் குறையும், எட்டரையிலிருந்து ஒன்பது சுற்று வர வேண்டும். எட்டுக்கும் கீழே போனால் வெயிட் போதாது, பத்தை ஒட்டி வந்தால் சும்மா சுமந்துகொண்டு டீசலை எரிக்கிறோம், கொஞ்சம் இறக்கலாம்.