டீகப் என்று ஒரு திருக்கை உண்டா?

கொளத்தூர்வாசி:
போன ஞாயிறு எங்கள் ஏரியா வண்ணமீன் கடை ஒன்றில் "டீகப் ரே" (ரே என்றால் திருக்கை) என்று எழுதி இரண்டு குட்டிகள் வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலம்தான். ஒன்றின் முதுகில் கறுப்பு விளிம்போடு ஆரஞ்சு வளையங்கள், மற்றதில் வலை பின்னியதுபோலக் கோடுகள். ரெண்டும் ஒரே இனமா என்றேன். "டீகப்தான் சார், இதுக்கு மேல வளராது" என்றார். வளையம் போட்டது மோட்டோரோ என்ற தென் அமெரிக்க ஆற்றுத் திருக்கையின் குட்டி. ஒன்றரை அடி அகலத்துக்கு வளரும்! டீகப் என்று ஓர் இனமே கிடையாது. இந்தக் கடைப்பெயர்களை ஒழித்தால்தான் உருப்படுவோம்.

தொட்டிக்காரன்:
கடைக்காரர் சொன்னது பொய், சரி. அதற்குப் பெயர் என்ன பாவம் செய்தது? "டைகர் ரே"யைப் பாருங்கள். பல காலம் அதற்கு மென்சாகாய் என்று லத்தீன் பெயர் போட்டுக்கொண்டிருந்தோம். அதுவோ ஃபால்க்னரி என்ற வேறு மீனின் மறுபெயர். 2011இல்தான் பெருவின் நானாய் ஆற்று மீனுக்கு டைக்ரினா என்று முறையாகப் பெயர் வைத்தார்கள். அதுவரை மாறாமல் இருந்தது டைகர் மட்டும்தான்.

கொளத்தூர்வாசி:
ஒரு டைகரை வைத்து எல்லாவற்றையும் கரையேற்றாதீர்கள். "பிளாக் டயமண்ட்" என்ன ஆயிற்று? அந்தக் கடைப்பெயரில் பிரேசிலின் ஷிங்கு ஆற்று லியோபோல்டி இனமும் வருகிறது, அதை டோகாந்தின்ஸ் ஆற்று ஹென்லெ இனத்தோடு சேர்த்துப் பண்ணையில் எடுத்த கலப்புக் குட்டியும் வருகிறது. புள்ளி பளிச்சென்று இருந்தால் விலை ஏறுகிறது. தாய் தகப்பன் யார் என்று கேட்க ஆளில்லை.

விலங்கியல் படித்தவள்:
நடுவில் வருகிறேன். முதுகுப் புள்ளியை மட்டும் நம்பினால் லத்தீன் பெயரும் காலை வாரும். மோட்டோரோவுக்குள்ளேயே நிறம் அவ்வளவு மாறும். ஆய்வாளர்கள் பல், தோலில் உள்ள முட்கள், குருத்தெலும்பு வரை பார்க்கிறார்கள். எந்த ஆற்றில் பிடித்தது என்பதும் முக்கியம். கடைத் தொட்டிக்கு வருவதற்குள் அந்த ஆறுதான் முதலில் தொலைகிறது. (காசிமேட்டில் திருக்கை வாங்கும்போது நான்கூட இதெல்லாம் கேட்பதில்லை. அது குழம்புக்கு.)

தொட்டிக்காரன்:
வீட்டில் வளர்க்கிறவனுக்கு இவ்வளவு எதற்கு?

கொளத்தூர்வாசி:
அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் சைட்ஸ். 2022 பனாமா சைட்ஸ் மாநாட்டில் லியோபோல்டி, ஹென்லெ உட்பட ஏழு ஆற்றுத் திருக்கை இனங்களை அதன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த ஏழில் மோட்டோரோ இல்லை. பட்டியலில் டயமண்டும் இல்லை, டீகப்பும் இல்லை. நீங்கள் வாங்கிய திருக்கைகளின் பில்லில் என்ன போட்டிருக்கிறது?

தொட்டிக்காரன்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "பி.டி. ரே, 1 ஜோடி". பிளாக் டயமண்டைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள். நாளைக்குக் கடைக்குப் போய்க் கேட்கிறேன். ஆனால் டைகரை விட்டுத்தர மாட்டேன்.