ஆரியங்காவுல வாங்குன கேரளா லாட்டரிச் சீட்டு: நம்ம பக்கம் கொண்டாரலாமா? பரிசு விழுந்தா அஞ்சு பேரு எப்படிப் பிரிக்க?

கேட்டவர்: புளியரைக்காரன்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல அஞ்சு பேரு சேர்ந்து லோடு ஏத்துதோம். காய்கறி வண்டி ஆரியங்காவு வழியா புனலூர் போகும்போது ஆளுக்கு நூறு போட்டு, 50 ரூவா சீட்டு பத்து வாங்குதோம். சீட்டைச் செங்கோட்டைக்குக் கொண்டாந்தா போலீஸ் கேஸ் வருமா? மார்க்கெட்டுல மத்தவங்களும் "எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா, அறுபது ரூவா தாறேன்"னு கேக்காங்க, வாங்கிக் கொடுக்கலாமா? ஒரு கோடி விழுந்தா கையில எவ்வளவு நிக்கும், அஞ்சு பேருக்கு எப்படிப் பிரிக்கணும்? இன்னொண்ணு, இங்க மூணு நம்பர் எழுதுதவங்க "இதுவும் கேரளா லாட்டரிதாம்"னு சொல்லுதாங்க. நெசமா?

பதில்: பொருநைக்கரை வக்கீல்

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லுதேன், ஏன்னா ஆளுங்க மாட்டுதது அதுலதான். மூணு நம்பர் கேரளா லாட்டரி கிடையவே கிடையாது. கேரள அரசு தினமும் மதியம் 3 மணிக்குத் திருவனந்தபுரத்துல குலுக்குது. அந்த முதல் பரிசு எண்ணோட கடைசி மூணு இலக்கத்தை மட்டும் இங்க உள்ளவன் கடன் வாங்கிக்கிடுதான். பணம் அவன் பையிக்குப் போகுது, கேரளத்துக்குப் பத்துப் பைசா போகாது. கையில கிடைக்கிறது பேனாவுல எழுதுன துண்டுச்சீட்டு, இல்லைன்னா வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ்.

கணக்குப் பாருங்க. மூணு இலக்கம்னா 000 முதல் 999 வரை ஆயிரம் எண். எண்ணுக்குப் பத்து ரூவா வீதம் ஆயிரமும் வித்தா 10,000 வசூல். ஜெயிச்சவனுக்கு 5,000 தாறேன்னு சொல்லுதவன் பாதியை மேசையில வைக்கும் முன்னாடியே எடுத்துட்டான். அந்த 5,000-ஐயும் தரலைன்னா எந்தக் கோர்ட்டுலயும் கேக்க முடியாது. 1872-ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது.

இனி சீட்டு விசயம். தமிழ்நாட்டுல 2003 ஜனவரியில லாட்டரி விற்பனைக்குத் தடை வந்துச்சு. அதுக்கு அடிப்படை 1998-ஆம் வருசத்து லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், 5-ஆம் பிரிவு: மத்த மாநில லாட்டரிகளோட விற்பனையை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள்ள தடுக்கலாம். ஆனா தான் ஒரு பக்கம் லாட்டரி நடத்திக்கிட்டு அடுத்த மாநிலத்தை மட்டும் தடுக்க முடியாதுன்னு 1999-ல பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு'ன்னு பரிசுச் சீட்டு வித்த அரசு, தன் சீட்டையும் மூட்டை கட்டினாத்தான் அடுத்தவன் சீட்டைத் தடுக்க முடியும்.

தடை விற்பனைக்குத்தான். கேரள எல்லைக்குள்ள, கேரளக் கடையில, நீங்களே காசு கொடுத்து வாங்குன சீட்டைப் பையில வச்சு வீட்டுக்கு வாறது விற்பனை ஆகாது. மார்க்கெட் ஆளுங்களுக்கு அறுபது ரூவாய்க்குக் கொடுத்தா விற்பனை, அதுல சந்தேகமே இல்ல. "லாபம் வைக்கல, அம்பதுக்கே கொடுத்தேன்"னு சொன்னாலும் தப்ப முடியாது. 7(3)-ஆம் பிரிவுல விற்பது, விநியோகிப்பது, வாங்குவதுன்னு மூணு சொல்லும் இருக்கு. ரெண்டு வருசம் வரை கடுங்காவல் அல்லது அபராதம், இல்ல ரெண்டும். 8-ஆம் பிரிவுப்படி வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், ஜாமீன்ல வர முடியாத குற்றம். புளியரை செக்போஸ்ட்ல பத்துச் சீட்டுக்கும் கட்டுக்கட்டா இருக்குத சீட்டுக்கும் வித்தியாசம் உடனே தெரியும். அதனால மத்தவங்களுக்கு வாங்கிக் கொடுக்குற வேலையே வேண்டாம். வேணும்னா அவங்களே போய் வாங்கட்டும்.

பதில்: பாளையங்கோட்டை கணக்கர்

வக்கீல் அண்ணாச்சி சொன்னதோட வரிக் கணக்கையும் சேர்த்துக்கோங்க. இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்காம பின்னால வட்டி கட்டுதவங்க உண்டு.

ஒரு கோடி விழுந்தா முதல்ல ஏஜென்ட் கமிஷன் கழியும். 10 சதவீதம்னு வச்சுக்கிடுவோம். மிச்சம் 90 லட்சம். அதுல 30 சதவீதம், அதாவது 27 லட்சம், டிடிஎஸ்ஸா (பணம் கொடுக்கும்போதே கழிக்கிற வருமான வரி) பிடிச்சுட்டு 63 லட்சம் கணக்குல போடுவாங்க. பலபேரு இதோட வரி முடிஞ்சுன்னு நினைக்காங்க. முடியல. ஒரே ஆள் பேர்ல 50 லட்சத்துக்கு மேல வருமானம் வந்தா வரி மேல 10 சதவீதம் கூடுதல் வரி: 2.70 லட்சம். 29.70 லட்சத்துக்கு 4 சதவீதம் செஸ்: 1,18,800. இந்த ரெண்டையும் லாட்டரி ஆபீஸ் பிடிக்காது, நாமதான் கட்டணும். கடைசியில நிக்கிறது 59,11,200. பரிசு விழுந்தபிறகு வாற முன்பண வரித் தவணையிலயே (ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15) கட்டிடணும். இல்லைன்னா வட்டி ஏறும்.

இதுக்குப் பழைய சீட்டு வாங்குன செலவு எதையும் கழிக்க முடியாது. வருசம் முழுக்கத் தோத்த சீட்டைக் கட்டி வச்சிருந்து ஆடிட்டர்கிட்ட நீட்டுதவங்க உண்டு, பிரயோசனம் இல்ல.

அஞ்சு பேரு கூட்டுன்னு ருசுப்படுத்துனா கணக்கே மாறுது. ஆளுக்கு 18 லட்சம், கூடுதல் வரி கிடையாது. 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம், ஒரு ஆளுக்கு 5,61,600. கையில ஆளுக்கு 12,38,400, அஞ்சு பேருக்கும் சேர்த்து 61,92,000. ஒருத்தர் பேர்ல வாங்குனதைவிட 2,80,800 மிச்சம்.

ஆனா கூட்டுங்கிறது குலுக்கலுக்கு முன்னாடியே எழுத்துல இருக்கணும். சீட்டு வாங்குன அன்னைக்கே ஒரு தாள்ல அஞ்சு பேர், ஆளுக்கு எவ்வளவு போட்டாங்க, பத்துச் சீட்டோட வரிசை எழுத்தும் எண்ணும், தேதி எல்லாம் எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அவங்க வாட்ஸ்அப் குரூப்லயே போட்டுடுங்க. நேரம் தானா பதிவாகும். அஞ்சு பேரும் 100 ரூவாயை ஜிபேல ஒருத்தருக்கு அனுப்புனா இன்னும் பலம். பரிசு வாங்கும்போது முத்திரைத்தாள்ல கூட்டு உறுதிமொழி கொடுத்து, டிடிஎஸ்ஸை அஞ்சு பான் எண்ணுக்கும் பிரிச்சுப் போடச் சொல்லி எழுதிக் கேளுங்க. ஒருத்தர் பான்ல மொத்தமாப் பதிஞ்ச பிறகு அதைச் சரிசெய்ய ஆபீஸ் ஆபீஸா அலையணும்.

பதில்: தென்மலைச் சாரல்

சீட்டைப் பாதுகாக்கிற முறையை நான் சொல்லுதேன். வாங்குன உடனே பின்பக்கம் பேரு, முகவரி எழுதி கையெழுத்துப் போடணும். கையெழுத்தில்லாத சீட்டு எவன் கையில இருக்கோ அவன் கேக்கலாம். பத்துச் சீட்டுலயும் ஒரே ஆள் கையெழுத்துன்னா கணக்கர் சொன்ன தாளும் கட்டாயம் இருக்கணும். கியூஆர் கோடு மேல மடிப்பு விழாம வைங்க. லோடு வேலையில சட்டைப் பையில வச்சா வேர்வையில மை கலங்கிரும், கிழிஞ்ச சீட்டும் செல்லாமப் போவும். லேமினேஷன் வேண்டாம், பிளாஸ்டிக் கவர் போதும்.

ரிசல்ட் பார்க்கும்போது ஆறு எண்ணும் ஒத்து வந்து, முன்னாடி உள்ள வரிசை எழுத்து மாறியிருந்தா அது முதல் பரிசு இல்ல, ஆறுதல் பரிசு. சின்னப் பரிசுக்குக் கடைசி நாலு இலக்கம் போதும். டிவியில பார்த்ததோட நிக்காம கேரள அரசிதழோட ஒத்துப் பாருங்க.

5,000 வரை எந்தக் கேரளக் கடையிலயும் மாத்தலாம். அதுக்கு மேல லாட்டரி ஆபீஸ் இல்லைன்னா வங்கி வழியா, பெரிய பரிசுன்னா திருவனந்தபுரம் இயக்குநரகம். குலுக்கல் நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள கொடுத்துரணும். சீட்டோட ரெண்டு பக்க நகல் நோட்டரி சான்றோட, பான், ஆதார், போட்டோ, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுன ரசீது வேணும். வெளி மாநிலத்து ஆள்கிட்ட "கேரளாவுக்கு எதுக்கு வந்தீங்க"ன்னு கேப்பாங்க. சரக்கு வண்டியில வாறவங்க அன்னைக்கு உள்ள சரக்குப் பில்லு, டோல் ரசீது, டீக்கடை ஜிபே எல்லாத்தையும் சீட்டோட சேர்த்தே வைங்க. 2023 திருவோணம் பம்பர் 25 கோடி கேரள எல்லையில உள்ள வாளையார்ல வாங்குன சீட்டுக்கு விழுந்து, தமிழ்நாட்டு ஆளுங்க நாலு பேருக்குக் கிடைச்சப்போ, அது இங்க கள்ளத்தனமா வித்த சீட்டுன்னு புகார் போச்சு.

கேரள அரசு ஆன்லைன்ல சீட்டு விக்கிறதே இல்ல. "பரிசு விழுந்திருக்கு, ஜிஎஸ்டி கட்டு"ன்னு போன் வந்தா அது மோசடி. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்க.

புளியரைக்காரன்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. மார்க்கெட் ஆளுங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். நம்ம பசங்க ரெண்டு பேரு ஐபிஎல் பெட்டிங் ஆப்ல கட்டுதாங்க. அதுவும் இதே சட்டந்தானா?

பொருநைக்கரை வக்கீல்

வேற சட்டம். தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. கட்டுறவனுக்கே மூணு மாசம் வரை சிறை இல்ல 5,000 வரை அபராதம். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசும் பணம் வச்சு ஆடுற இணைய விளையாட்டு எல்லாத்தையும் தடுத்துச் சட்டம் போட்டுட்டு. நடத்துறவனுக்கு மூணு வருசம், ஒரு கோடி வரை போகும்.

பசங்ககிட்ட இதைச் சொல்லுங்க: அந்த ஆப் ஜெயிச்ச பணத்தைத் தன் கம்பெனி கணக்குல இருந்து அனுப்பாது. எவனோ ஒருத்தனோட கணக்குல இருந்து வரும். அந்தக் கணக்குல வேற ஊர்ல ஏமாத்துன காசு புழங்கியிருந்தா, எங்கயோ ஒரு மாநிலத்து சைபர் போலீஸ் சொல்லி உங்க பையன் சம்பளக் கணக்கை பேங்க் முடக்கிரும். முடங்கிட்டுன்னா பேங்க்ல புகாரோட ஒப்புகை எண்ணையும், எந்த ஸ்டேஷன்ங்கிறதையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. அது இல்லாம யார்கிட்ட மனு கொடுக்கணும்னே தெரியாது.