பிரெஸ்ட் கேர் நர்ஸ் உங்களுக்கு என்ன செய்தார்? எழுதுங்கள்

ஹாரோ மகள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஸ்கிரீனிங் பரிசோதனையில்தான் பிடிபட்டது. இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 71 வரை மூன்று வருசத்துக்கு ஒருமுறை கடிதம் வரும்தானே, அம்மா ஒவ்வொரு முறையும் அதைக் கிழித்துப் போடுகிறவர், இந்த முறை பக்கத்து வீட்டு அன்ரி விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பயொப்சிக்குக் கட்டியிலிருந்து சின்னத் துண்டு எடுத்தார்கள், பிறகு ரிசல்ட் நாள். உள்ளே போக முன்பே அண்ணா என்னிடம் சொல்லிவிட்டார், டொக்டர் என்ன சொன்னாலும் அம்மாவுக்கு "சின்னக் கட்டி, எடுத்தால் சரி" என்று மட்டும் சொல்லு என்று. எப்போதும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது நான்தான்.

சர்ஜனுக்குப் பக்கத்தில் யூனிஃபோர்ம் இல்லாமல் ஒரு பெண் இருந்தார். சர்ஜன் பேசி முடித்து எழுந்து போனார், அவர் போகவில்லை. எங்களைப் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தான்தான் அம்மாவின் பிரெஸ்ட் கேர் நர்ஸ், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களைக் கூடவே இருந்து பார்க்கிற நர்ஸ் என்றார். பிறகு தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல். மருத்துவமனை இலவசமாக ஏற்பாடு செய்யும் மொழிபெயர்ப்பாளர். அண்ணாவுக்குக் கோபம், "நாங்கள் இருக்கிறோம்தானே" என்றார். "நீங்கள் மகனாக இருங்கள், இந்த வேலையை அவர் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கதிரையை அம்மாவுக்கு முன்னால் முழங்கால் முட்டுகிற தூரத்துக்கு இழுத்துப் போட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? எல்லாமுமா, இல்லை அடுத்து என்ன என்பது மட்டுமா?"

"எல்லாத்தையும் சொல்லச் சொல்லுங்கோ பிள்ளை. இரண்டாம் தரம் கூப்பிட்ட நாளே எனக்குத் தெரியும். இவையள்தான் பயந்துபோய் நிக்கினம்." அம்மா அந்தத் தொலைபேசியைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். இரவில் நித்திரை வராததை, அப்பா செத்த பிறகு தன்னைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை என்று நினைத்ததை, எல்லாவற்றையும் முகம் தெரியாத அந்தக் குரலிடம் கொட்டினார். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மா இப்போது லெட்ரசோல் என்ற ஹோர்மோன் மாத்திரை எடுக்கிறார், நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த அறை எனக்கு மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு இப்படி ஒருவர் இருந்தாரா?

தையல்காரி (சென்னை)

இங்கே அப்படிப் பெயர் போட்ட நர்ஸ் எல்லாம் கிடையாது, குறைந்தபட்சம் எனக்கு இல்லை. கீமோ போடும் இடத்தில் இருந்த ஒரு சிஸ்டர்தான்.

இடது பக்கம் முழுசாக எடுத்தாயிற்று. சிலிகானில் செயற்கை மார்பகம் கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார், விலையைக் கேட்டதும் நான் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போது சிஸ்டர் வந்து மெதுவாகக் கேட்டார், "அக்கா, பிளவுஸ் ஒரு பக்கம் மேலே ஏறுதா?" வீட்டில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. நான் எந்நேரமும் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு தோளைக் குறுக்கி உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

அடுத்த முறை போனபோது தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழைய காட்டன் புடவையில் தைத்தது, முன்பக்கம் பஞ்சு, பின்னால் தனியாக ஒரு சின்ன அறை, அதில் கேழ்வரகு. பஞ்சு மட்டும் வைத்தால் கனமில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும், உடம்பும் ஒரு பக்கமாகச் சாயும், கழுத்து வலிக்கும், அதனால் கனம் வேண்டும் என்றார். என் கையில் வைத்து எடை பார்க்கச் சொன்னார். காயம் நன்றாக ஆறும்வரை பஞ்சு மட்டும், அப்புறம்தான் கேழ்வரகு என்று இரண்டு தடவை சொன்னார். நான் தையல் தெரிந்தவள், எனக்கே இது தோன்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் என் பெண்ணின் வளைகாப்பில் தலைப்பை இழுத்துப் போர்த்தாமல் நின்று வளையல் அடுக்கினேன்.

அந்த சிஸ்டரை இப்போது வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நாற்காலியில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்?

நொய்யல்

தையல்காரி அக்கா, இங்கே கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கோவையில் நாங்கள் பார்த்த தனியார் மருத்துவமனையில் ஒரு நர்ஸை இதற்கென்றே வைத்திருந்தார்கள். உண்மைதான், பாதி நேரம் அவர் காப்பீட்டுக் காகிதத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் கீமோ போட்ட அன்றே என் கையில் ஒரு தெர்மாமீட்டரையும் ஒரு நம்பரையும் கொடுத்து, "100.4 தாண்டினால் மணி பார்க்காமல் கூப்பிடுங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் நடுராத்திரி மனைவிக்குக் குளிர் எடுத்தது. 101. என் அம்மா டோலோவும் தண்ணீருமாக வந்து நிற்கிறார், நான் போன் போடுகிறேன். அந்த நர்ஸ் தூக்கக் குரலில் சொன்னது இவ்வளவுதான்: "மாத்திரை கொடுக்காதீங்க, காய்ச்சலை மறைச்சிடும். உடனே கிளம்பி எமர்ஜென்சிக்கு வாங்க. போன கீமோ தேதியை முதல்ல சொல்லுங்க, சாதாரணக் காய்ச்சல்னு உட்கார வெச்சிடப் போறாங்க." போனோம். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. கீமோ முடிந்து ஒரு வாரம், பத்து நாளில்தான் அது மிகவும் இறங்குமாம். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், பிழைத்தாள்.

டோலோ டம்ளரோடு அம்மா வாசலில் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த போன் எடுக்கப்படாமல் இருந்திருந்தால் நான் அதைக் கொடுத்துப் படுக்க வைத்திருப்பேன்.

பர்மிங்ஹாம் நர்ஸ்

நான் மதுரையில் படித்து வந்து இங்கே பிரெஸ்ட் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். ஒரு நோயாளி, பஞ்சாபிப் பாட்டி, ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ உள்ளே இருப்பாயா" என்று கேட்டார், தியேட்டர் வாசல்வரை போனேன், அதுதான் என் அனுபவம். அதைவிட இங்கே எழுதியிருப்பவற்றுக்குச் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த வேலை ஆறுதல் சொல்கிற வேலை மட்டும் என்று நினைக்கிறார்கள். 1980இல் மான்செஸ்டரில் பீட்டர் மக்வயர் என்ற மனநல மருத்துவர் மார்பகம் எடுத்த பெண்களை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். நர்ஸ் பேசிப் பேசியே மனச்சோர்வு வராமல் தடுத்துவிடவில்லை. ஆனால் ஒரே நர்ஸ் தொடர்ந்து பார்த்ததால், யாருக்கு மனம் உடைந்துகொண்டிருக்கிறது என்று சீக்கிரமே கண்டுபிடித்து அவர்களை மருத்துவரிடம் அனுப்பினார், அதனால் ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்கள் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். தையல்காரி அக்காவின் சிஸ்டர் செய்ததும் அதே கவனிப்புதான்.

அப்புறம், மேக்மில்லன் நர்ஸ் என்று பேட்ஜைப் பார்த்ததும் நம் ஆட்கள் "கடைசிக் கட்டமா" என்று அழுகிறார்கள். இல்லை. நோய் தெரிந்த அன்றிலிருந்தே அவர்கள் வரலாம். 1911இல் தொடங்கிய தொண்டு அமைப்பு அது, 1975 முதல் நர்ஸ்களுக்கும் பணம் கொடுக்கிறது.

கை விஷயம் எல்லாரும் கேட்பீர்கள். அக்குளில் நெறிகட்டிகளை முழுசாக எடுத்தவர்களுக்கும், சென்டினல் நோட் என்று ஒன்றிரண்டு மட்டும் எடுத்தவர்களுக்கும் கை வீங்கும் ஆபத்து ஒரே மாதிரி இல்லை, இரண்டாவது வகைக்கு மிகக் குறைவு. அந்தக் கையில் வாழ்நாள் முழுக்க பிபி பார்க்கவே கூடாது என்று பயந்துகொண்டு திரிகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எந்த வகை என்று உங்கள் நர்ஸிடம் கேளுங்கள். கையை அசைக்காமல் மடித்தே வைத்திருப்பதுதான் நம் பெண்கள் செய்கிற பெரிய தவறு, சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்யுங்கள், தலை சீவுங்கள், துணி காயப்போடுங்கள். பூனை கீறினாலும் தோட்டத்தில் முள் குத்தினாலும் கழுவி மருந்து போடுங்கள், கை சிவந்து சூடானால் அன்றே காட்டுங்கள்.

டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள், மனச்சோர்வுக்கு வேறு டாக்டர் மாத்திரை எழுதினால் டமாக்சிஃபென் எடுப்பதை அவரிடம் சொல்லுங்கள். ஃப்ளூஆக்சிடின், பராக்சிடின் இரண்டும் டமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கலாம், மாற்று மருந்து இருக்கிறது. லெட்ரசோல் என்றால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் கேளுங்கள். இங்கிலாந்தில் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 2009 முதல் மருந்துச் சீட்டுக்குப் பணம் கிடையாது, அதற்கு ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும், பலருக்குத் தெரியவே தெரியாது, பணம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஹாரோ மகள், உங்கள் அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தால் அவருக்கு எப்படியும் இலவசம்தான்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

பர்மிங்ஹாம் அக்கா, எல்லாம் சரி, "உங்கள் நர்ஸிடம் கேளுங்கள்" என்று எழுதுகிறீர்களே, அந்த நர்ஸே இல்லாமல் போனவர்களை யோசித்துப் பார்த்தீர்களா?

என் அக்காவுக்கு முதல் தடவை வந்தபோது அருமையான நர்ஸ் இருந்தார். முடி கொட்ட முன்பே விக் கடைக்கு வழி சொன்னார், வேலை செய்யும் இடத்துக்குக் கடிதம் எழுதித் தந்தார். சில வருசம் கழித்து முதுகு வலி என்று போனோம், எலும்புக்குப் பரவியிருந்தது. அக்கா முதலில் போன் எடுத்தது அந்த நர்ஸுக்குத்தான். அவர் நிறைய நேரம் பேசினார், கடைசியில், "இனி உங்களை ஆன்காலஜி, புற்றுநோய் மருந்துப் பிரிவு பார்க்கும், நான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கான நர்ஸ்" என்றார். அவர் குரலிலேயே கஷ்டம் தெரிந்தது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆன்காலஜியில் தந்த நம்பரில் ஒவ்வொரு தடவையும் மெசேஜ் விடச் சொல்லும். அக்கா மெசேஜ் விடும்போது தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வார், மருத்துவமனை எண்ணைச் சொல்வார், பிறகு "அவசரமில்லை" என்பார். காலைக்கூடத் தூக்க முடியாத வலியில் கிடந்துகொண்டு "அவசரமில்லை" என்பார்.

நோய் பரவியவர்களுக்குத்தான் இந்த நர்ஸ் அதிகமாக வேண்டும், அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. இந்த நாட்டு மார்பகப் புற்றுநோய் அமைப்புகள் வருசக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பர்மிங்ஹாம் நர்ஸ்

தம்பி, நீங்கள் சொல்வது உண்மை. எங்கள் யூனிட்டிலும் பரவியவர்களுக்கென்று தனி நர்ஸ் பல வருடம் இல்லை. இருந்தாலும் இதைப் படிக்கிற வேறு யாராவது அந்த நிலையில் இருந்தால், வலிக்கு ஹாஸ்பிஸ் கம்யூனிட்டி நர்ஸ்களை, வலி தணிக்கிற அமைப்பிலிருந்து வருபவர்களை, ஜிபி என்ற குடும்ப டாக்டர் மூலமாகக் கேளுங்கள், சாகப்போகிறவர்களுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கே வந்து மருந்தைச் சரிபண்ணித் தருவார்கள். மெசேஜில் "வலி அதிகமாகிவிட்டது, இன்றைக்குள் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். முதுகு வலியோடு கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மெசேஜ் விட்டுக் காத்திருக்கவே கூடாது, நேராக எமர்ஜென்சி. தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், மணிக்கணக்கில் தாமதித்தால் நடக்க முடியாமல் போகும்.

வாகாவில் ஒருத்தி

ஆஸ்திரேலியாவில், சிட்னியிலிருந்து வெகு தூரத்தில் உள்ள ஊர் எங்களுடையது. இங்கே மெக்ராத் நர்ஸ் இருக்கிறார். கிரிக்கெட் வீரர் கிளென் மெக்ராத்தும் அவர் மனைவி ஜேனும் 2005இல் தொடங்கிய அமைப்பு, ஜேன் 2008இல் இதே நோயில் இறந்தார். சிட்னி டெஸ்டின் மூன்றாம் நாள் மைதானமே பிங்க் நிறமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள், அந்தப் பணம் இந்த நர்ஸ்களுக்குத்தான் போகிறது. டாக்டர் கடிதம் தேவையில்லை, கட்டணம் இல்லை, நாமே கூப்பிடலாம்.

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் கணவரும் பாத்ரூமில் நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் சொன்னார், "நோயின் பெயரைச் சொல்லுங்கள், அவனால் வரவில்லை என்று சொல்லுங்கள், தொட்டால் ஒட்டாது என்று சொல்லுங்கள், அப்புறம் அவன் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்." சொன்னோம். அவன் யோசித்துவிட்டு, "அப்போ புதன்கிழமை நீச்சலுக்கு யார் கூட்டிப் போவா?" என்றான். அப்பா என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டான். நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஊரில் என் பெரியம்மாவுக்கு இதே நோய், பிள்ளைகளிடம் கடைசிவரை வயிற்று வலி என்றே சொன்னார்கள். அந்த அண்ணன்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள்.

நெல்லைப் பெண்

தையல்காரி அக்கா, அம்மாவுக்கு அந்தப் பை தைக்க வேண்டும். அளவு எப்படி எடுப்பது? கேழ்வரகு ஈரமானால் என்ன செய்வது?

தையல்காரி (சென்னை)

மற்ற பக்கம் பிராவின் கப் மேல் நியூஸ் பேப்பரை வைத்து வரைந்துகொள், சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்கு விடு, வலது இடது மாறாமல் பேப்பரைத் திருப்பிப் போட்டு வெட்டு. துணி பழைய மல் காட்டனாக இருக்கட்டும், மடிப்புத் தையல் உடம்புப் பக்கம் வரக் கூடாது, தழும்பில் உரசும். கேழ்வரகு அறையின் வாயை மூடித் தைக்காதே, இரண்டு பிரஸ் பட்டன் வை, தானியத்தைக் கொட்டிவிட்டுத் துணியைத் துவைக்கலாம். வியர்வையில் பூஞ்சை பிடிக்கும், அதனால் தானியத்தை அடிக்கடி மாற்று. பிராவின் உள்பக்கம் ஒரு பாக்கெட் தைத்துவிட்டால் நகராது. அம்மாவுக்கு ரேடியேஷன் நடந்துகொண்டிருந்தால் இப்போது எதுவும் வேண்டாம், தோல் ஆறட்டும், டாக்டர் சரி என்ற பிறகு போடு. பேப்பர் அளவு சரியாக வரவில்லை என்றால் இங்கேயே கேள், சொல்கிறேன்.